மூன்றாவது போதும்

எங்கள் வீட்டில் மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான்தான். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லுவார், அவர் சொன்னால் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்லுவார். இந்தக் கதையில் நான் அங்கங்கே கத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதை என்னுடையது இல்லை, என் ஓரகத்தியுடையது. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரு தொழிற்சாலையே அவளைக் கரண்டி அக்கா என்று கூப்பிட்டது.

ஓரகத்தி என்றதும் சண்டையை எதிர்பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் சாய்ந்துகொள்ளலாம். சண்டை நிறைய நடந்திருக்கிறது, எல்லாம் நான் ஒருத்தியாகவே போட்டது. அவள் பதில் பேசினால்தானே சண்டை வளரும்? நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "தொண்டை வறண்டிருக்கும், தண்ணி குடி" என்பாள். அதற்கு மேல் யாரால் சண்டை போட முடியும், சொல்லுங்கள்.

அக்காவுக்கு ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை. ஃப்ரிட்ஜுக்குக் கதவு செய்கிற தொழிற்சாலை. ஃப்ரிட்ஜின் மற்ற பாகமெல்லாம் வேறு எங்கோ செய்வார்கள், இங்கே கதவு மட்டும்தான். பகல் சாப்பாட்டு மணி அடித்ததும் அத்தனை பேரும் குழித் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வருவார்கள். எஃகு மேடைக்குப் பின்னால் தலையில் வலை மாட்டிக்கொண்டு அக்கா நிற்பாள். சமைக்கிறவர்கள் உள்ளே இருந்தார்கள், இவள் வேலை பரிமாறுவது மட்டும். நீளக் கரண்டியின் பிடியில் சூடு ஏறாமல் இருக்கப் பழைய துணியைச் சுற்றி வைத்திருப்பாள். கல்யாணமான புதிதில் அங்கே வேலைக்குப் போனவள், அவள் கணவர் இறந்த பிறகும், முழங்கால் வலி வந்த பிறகும் அந்த மேடையை விட்டு நகரவில்லை. பிள்ளை இல்லை அவளுக்கு. என் மகளைத்தான் தன் பிள்ளையாக வைத்துக்கொண்டாள்.

அவள் பரிமாறுவதில் ஒரு முறை உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், வீட்டைப் பிரிந்து வந்தவர்கள், ஒரு கரண்டி விழுந்ததும் "போதும்க்கா" என்று தட்டை இழுப்பார்கள். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். இன்னொரு கரண்டி விழும். "ஐயோ, போதும்க்கா!" என்பார்கள். இன்னும் அரைக் கரண்டி விழும். அதற்கு மேலும் போதும் என்று சொல்லித் தட்டைக் கையால் மூடினால்தான் கரண்டி பாத்திரத்துக்குத் திரும்பும். என்னக்கா கணக்கு இது என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல் போதும் சும்மா வாய் சொல்றதுடி. ரெண்டாவது கூச்சம் சொல்றது. மூணாவதுதான் வயிறு சொல்றது," என்றாள்.

ஒரு முறை மேலாளரே வந்து, "ஆளுக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கும்மா" என்று முகத்தைச் சுளித்தாராம். "அளவு தட்டுக்குத்தானே சார்?" என்று கேட்டுக்கொண்டே அவர் தட்டிலும் ஒரு கரண்டி போட்டிருக்கிறாள். அவரும் போதும் என்றாராம், அவருக்கும் இரண்டாவது விழுந்ததாம். அதற்குப் பிறகு அவர் அளவைப் பற்றிப் பேசவே இல்லை.

இந்தக் கரண்டியின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஒரு சமயம் அவர் வேலை பார்த்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். கைக்குழந்தையோடு அக்காவின் இரண்டு அறை வீட்டில் போய் ஒண்டிக்கொண்டோம். வாய் நீளமானவள்தான் நான், ஆனால் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் வாயே திறக்காது. இன்னொருத்தர் உழைப்பில் சாப்பிடுகிறோமே என்ற கூச்சத்தில் இரண்டு வாய் தின்றுவிட்டுப் போதும் என்பேன். அக்கா என் தட்டுக்கு எதிரே பாத்திரத்தோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "பால் குடுக்கிறவ போதும்னா நான் விட்டுடுவேனா?" என்று போட்டுக்கொண்டே இருப்பாள். கண்ணில் நீர் முட்டும், ஆனாலும் சாப்பிடுவேன். அந்த வீட்டில் இருந்தவரைக்கும் நான் ஒருநாளும் பசியோடு படுத்ததில்லை. அந்த நன்றி என் எலும்பிலேயே ஊறிக் கிடக்கிறது. அவளிடம் கத்தும்போதும் அது உள்ளே இருந்துகொண்டுதான் இருக்கும்.

அப்படிப்பட்டவளுக்குப் போன மழைக்காலத்தில் வயிற்றில் கட்டி வந்தது. நல்லவேளையாகக் கெட்ட கட்டி இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தனியாக விடக்கூடாது என்று மருத்துவமனையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. மகள் தன் அறையைப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்துக்கொண்டாள். ஜன்னலோரக் கட்டில், தலைமாட்டில் மாத்திரை டப்பா, கால்மாட்டில் மகளுடைய கல்லூரிப் புத்தகங்கள். அடுப்படிப் பக்கம் அக்காவைத் தலைகாட்ட விடவில்லை. "தையல் பிரிஞ்சா என்கிட்ட வராதீங்க" என்று மிரட்டி வைத்திருந்தேன்.

முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. உடம்பு தேற வேண்டுமே என்று என் வழக்கப்படி ஆர்ப்பாட்டமாகத் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட வைத்தேன். அன்று சாயங்காலமே அத்தனையும் வாந்தியாக வந்துவிட்டது. தையல் வலியில் அவள் சுருண்டு கிடந்ததைப் பார்த்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்ல அங்கே இருந்த டயட்டீஷியன் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே கட்டாயப்படுத்தவே கூடாதும்மா. கேளுங்க. போதும்னு சொன்னா அப்படியே விட்டுடுங்க" என்றாள். நானும் சரி என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து அதுதான் வீட்டுச் சட்டம். சட்டத்துக்குக் காவல் என் மகள். சாப்பாட்டு நேரத்தில் தட்டில் கொஞ்சம் குழைந்த சோறும் பருப்பும் வைப்பேன். அக்கா அதைச் சாப்பிட்டு முடிப்பாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமாக்கா?" என்பேன். "போதும்" என்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகள், "அம்மா!" என்று கண்ணை உருட்டுவாள். உடனே தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். சாப்பிட முடியவில்லையே என்று அவள் மனசு சங்கடப்படக்கூடாது பாருங்கள், அதனால் தட்டை அவள் கண்ணிலிருந்து சட்டென்று மறைத்துவிடுவேன். பெரிய நாசூக்குக்காரி என்று எனக்கு நினைப்பு.

தையல் ஆறியது, காயம் காய்ந்தது, வலி போனது. எடை மட்டும் ஏறவில்லை. ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் முள் கீழேதான் இறங்கியது. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. கரண்டி பிடித்துப் பிடித்துத் திரண்டிருந்த வலது கையில் இப்போது வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது. கடைசியாகப் போனபோது டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "உள்ளே ஒரு கோளாறும் இல்ல. ஆனா இவங்க சாப்பிடலை. வருஷக் கடைசி லீவு முடிஞ்சு வரும்போதும் எடை ஏறலைன்னா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகாரம் குடுக்கணும். வேற வழி இல்ல."

அக்கா அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்துக் கட்டில்ல ஒருத்திக்குப் போட்டிருந்தாங்கடி. பார்த்தேன். குழாய் போட்டுட்டா அப்புறம் சாப்பிட்டேன்னு சொல்ல முடியுமா? ஊத்துனாங்கன்னுதான் சொல்லணும். எனக்கு அது வேண்டாம்டி."

ஊருக்கே பரிமாறியவள் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்று ராத்திரி நான் அடுப்படிக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் சத்தத்தில் அழுதேன்.

ஆண்டுக் கடைசி விடுமுறை வந்தது. மகளுக்குக் கல்லூரி இல்லை, அவருக்கும் லிஃப்ட் வேலைக்கு லீவு. நாலு பேரும் ஒரே நாளில் வீட்டில் இருப்பது எங்களுக்கு அதிசயம். அன்று காலை என் வீட்டுக்காரர் ஒரு யோசனையோடு எழுந்தார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது, அங்கே பகலில் பஃபே போடுகிறார்களாம்.

"அண்ணிக்கு உன் சமையல் அலுத்துப் போச்சோ என்னவோ. அங்க வரிசையா எல்லாம் வச்சிருப்பான். எது பிடிக்குதோ அதை அவங்களே எடுத்துக்கலாம். யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க," என்றார்.

"ஏன், என் சமையலுக்கு என்ன குறைச்சல்? இத்தனை வருஷமா தின்னு தின்னுதானே பெல்ட்டுல புது ஓட்டை போட்டீங்க?" என்று நான் கத்தினேன். கத்தினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. என் கைச்சோறு அவளுக்கு இறங்கவில்லையோ என்ற சந்தேகம். அதனால்தான் அவ்வளவு சத்தம். பிறகு நானே போய் அக்காவுக்கு நல்ல நீலப் புடவையாகப் பார்த்து எடுத்து வைத்தேன்.

கடை நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. கண்ணாடிக் கதவு, சுவரில் முகபடாம் போட்ட யானைப் படம், மேசைக்கு மேசை காகிதக் கைக்குட்டை டப்பா. விடுமுறை என்பதால் கூட்டம் நெரிந்தது. ஒரு சுவர் நீளத்துக்கு மேடை போட்டு, அதன்மேல் மூடி போட்ட எஃகுப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. மூடியைப் பிடித்துத் தூக்கினால் அப்படியே பின்னால் உருண்டு போகும், ஆவி முகத்தில் அடிக்கும். வெள்ளைச் சோறு, மஞ்சள் சோறு, ரொட்டி, பருப்பு, பன்னீர், கோழிக் குழம்பு, உருளைக்கிழங்கு, கடைசியில் பாகில் மிதக்கும் குலாப் ஜாமூன். கறுப்புக் கோட்டுப் போட்ட முதலாளி வாசலுக்கும் மேடைக்கும் ஓடிக்கொண்டே இருந்தார்.

"வேணுங்கிறதை எடுத்துக்கோங்க அண்ணி. எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம்," என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ கடையே அவருடையது மாதிரி.

நாங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். அக்கா எனக்குப் பின்னால்தான் நின்றாள். நான் சோற்றை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வரிசையில் பின்னால், ரொம்பப் பின்னால் போயிருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாளாம், "நீ முன்னாடி போம்மா" என்று விட்டிருக்கிறாள். பிறகு ஒரு தாத்தா. பிறகு அவருடைய குடும்பம். இப்படியே நீங்க போங்க, நீங்க போங்க என்று வாசல்வரைக்கும் போய்விட்டாள். நான் போய் இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் தட்டில் ஒரு கரண்டி சோறு, அதன்மேல் ஒரு கரண்டி பருப்பு. அதோடு மேசைக்கு வந்துவிட்டாள்.

"அவ்வளவுதானா பெரியம்மா?" என்றாள் மகள்.

"போதும் கண்ணு."

"சரி பெரியம்மா." சட்டப்படி அவள் உடனே விட்டுவிட்டாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவருடைய யோசனை காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிக் கிடந்தது. அடுத்த வாரம் மருத்துவமனை, அங்கே அந்தக் குழாய். என் தட்டை அப்படியே ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

அக்கா தட்டைத் துடைத்த மாதிரி காலி செய்துவிட்டு, கைகழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். போனவள் வரவே இல்லை. மயங்கி விழுந்துவிட்டாளோ என்று பதறிப்போய் நான் ஓடினேன். கைகழுவும் இடத்தில் இல்லை. திரும்பி மேடைப் பக்கம் பார்த்தால், அங்கே நிற்கிறாள் மகராசி! கையில் கரண்டி!

நடந்தது இதுதான். யாரோ ஒரு புண்ணியவான் குலாப் ஜாமூன் கரண்டியைக் கோழிக் குழம்புக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு அக்காவுக்குக் கால் நகருமா? முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அதை எடுத்துத் துடைத்திருக்கிறாள். பருப்புக் கரண்டி வேறு பாத்திரத்துக்குள் முழுகிக் கிடந்திருக்கிறது. அதையும் தூக்கிக் கலக்கி விட்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஒருவர் தட்டை நீட்ட, கை தானாகப் பரிமாறியிருக்கிறது. கடை ஆள்தான் நிற்கிறாள் என்று நினைத்து அடுத்தவரும் நீட்டியிருக்கிறார். இப்போது வரிசை முழுக்க அவள் முன்னால் தட்டை நீட்டிக்கொண்டு நின்றது. கறுப்புக் கோட்டு முதலாளி, இது நம் ஆள்தானா, எப்போது வேலைக்கு எடுத்தோம் என்கிற முகத்தோடு பக்கத்தில் விழித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். வந்த இடத்திலும் கரண்டியா? சாப்பிடக் கூட்டிவந்தால் ஊருக்குப் பரிமாறிக்கொண்டு நிற்கிறாளே! போய்க் கரண்டியைப் பிடுங்கி, நாலு கேள்வி கேட்டு இழுத்துவருவது என்று விறுவிறுவென்று போனேன்.

வரிசையில் அப்போது ஒரு வேன் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள், சட்டைப் பையில் பள்ளிக்கூட வேன் படம் தைத்திருந்தது. அக்கா ஒரு கரண்டி சோறு போட்டாள்.

"போதும்மா," என்றார்.

"நீட்டுங்க தட்டை," என்று இன்னொரு கரண்டி போட்டாள்.

"ஐயையோ, போதும்மா போதும்!" தட்டு மட்டும் இருந்த இடத்தைவிட்டு ஒரு விரல்கூட நகரவில்லை. மூன்றாவது கரண்டி விழுந்ததும், "இதுக்கு மேல வேண்டாம்மா, சத்தியமா" என்று தட்டைக் கையால் மூடிக்கொண்டார். அக்கா சிரித்துக்கொண்டே கரண்டியைத் திருப்பினாள். அந்த ஆளுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! யாரோ சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி அப்படியே குளிர்ந்து போயிருந்தது.

நான் நடுக்கடையில் நின்றுவிட்டேன்.

முதல் போதும் வாய் சொல்றது. எத்தனை வருஷமாகக் கேட்டுவந்த வார்த்தை! என்னையே அப்படித்தானே ஊட்டி வளர்த்தாள்? அவள் முதல் போதும் சொன்னதுமே தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தது யார்? நான். பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்டறியாதவள், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொன்ன பேச்சைக் கேட்டேன். போயும் போயும் இதிலா கேட்க வேண்டும்?

திரும்பி ஓடிப்போய் ஒரு புதுத் தட்டு எடுத்தேன். வரிசையில் இருந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, தயிர் என்று எடுத்தேன். இரண்டு கிண்ணங்களில் தனியாகவும் சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டேன். "வரிசைல வாங்கம்மா" என்று யாரோ சொன்னார்கள். "என் வீட்டு விஷயம், தள்ளுங்க" என்றேன். எல்லாவற்றையும் எங்கள் மேசையில் வைத்துவிட்டு வந்து, அக்காவிடமிருந்து கரண்டியை வாங்கி முதலாளி கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார், பாவம். அக்காவின் கையைப் பிடித்து மேசைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்து, எதிரே நான் உட்கார்ந்தேன்.

தட்டில் கொஞ்சம் வைத்தேன். அவள் சாப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம்க்கா."

"போதும்டி."

"அம்மா!" என்றாள் மகள், கண்ணை உருட்டிக்கொண்டு.

"நீ சும்மா இருடி!" என்று போட்டேன் ஒரு சத்தம். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டது. நான் கிண்ணத்தைச் சாய்த்து அக்கா தட்டில் சோற்றைப் போட்டேன், அதன்மேல் பருப்பை ஊற்றினேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். நிறுத்தி நிதானமாக, பிசைந்து பிசைந்து, அத்தனையும் சாப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம்?"

"அய்யோ, போதும்டி."

போட்டேன். அதையும் சாப்பிட்டாள். உருளைக்கிழங்கை ஒதுக்காமல் சாப்பிட்டாள், தயிரை விரலால் வழித்துச் சாப்பிட்டாள். மூன்றாவது முறை நான் கிண்ணத்தைத் தூக்கியதும், இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டு, "நிஜமா போதும்டி, வயிறு நிறைஞ்சு போச்சு" என்று சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

எனக்கு அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெடித்தது. "இவ்வளவு பசியை வச்சுக்கிட்டு ஏன்க்கா வாயே திறக்கலை? ஒரு வார்த்தை கேட்டா என்ன? குழாய் போடுறேன்னு டாக்டர் சொல்றாரு, அப்பக்கூட பேசாம உக்காந்திருந்தீங்களே, நல்லா இருக்கா இது?"

அக்கா எச்சில் கையைத் தட்டின்மேல் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பசிக்குதுன்னு எப்படிடி வாய்விட்டுக் கேக்கறது? எனக்கு அது வரவே வராது. எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்தைச் சட்டியோட வச்சுச் சாப்பிட்டே பழகிட்டேன், அங்க யாரைக் கேக்கணும்? இப்ப முதல் தடவையா எனக்கு இன்னொருத்தர் போடுறாங்க. நீ ஒரு தடவை கேட்ட, நான் போதும்னேன். நீ மறுபடி கேப்பியான்னு பார்த்து உக்காந்திருப்பேன். நீ சட்டுன்னு தட்டை எடுத்துட்டுப் போயிடுவ." குரல் இறங்கியது. "சரி, அவளுக்கும் எவ்வளவு வேலை. நாம பாரமா ஆயிட்டோம்போல, அதான் சீக்கிரம் தட்டைக் கழுவிட்டா போதும்னு பார்க்கிறாளோன்னு நினைச்சேன்."

அந்த வார்த்தை நெஞ்சில் குத்திவிட்டது. நாசூக்கு என்று நான் செய்தது அவளுக்கு அப்படியா போய்ச் சேர்ந்தது? கடையென்றும் பார்க்கவில்லை, கூட்டமென்றும் பார்க்கவில்லை, ஓவென்று அழுதுவிட்டேன். "நீங்க பாரமாக்கா? நீங்க இல்லைன்னா நானும் என் பிள்ளையும் எந்தக் கதியாகி இருப்போம்? என்னைப் பார்த்து அப்படி நினைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று அழுகையிலும் சண்டைதான் போட்டேன். என் வீட்டுக்காரர் காகிதக் கைக்குட்டை டப்பாவை முழுதாக என் பக்கம் தள்ளினார். தனக்கென்று முதலில் ஒன்றை உருவிக்கொண்டுதான் தள்ளினார்.

"தொண்டை வறண்டிருக்கும், தண்ணி குடி," என்றாள் அக்கா.

அந்த நேரம் பார்த்துக் கறுப்புக் கோட்டு முதலாளி எங்கள் மேசைக்கு வந்தார். சாப்பாட்டில் ஏதோ குறை, அதனால்தான் ஒப்பாரி என்று பயந்திருப்பார் போல. அக்காவைப் பார்த்து, "நீங்க நின்னதுல வரிசை ஒழுங்கா நகர்ந்துச்சும்மா. சூடா ஜாமூன் வந்திருக்கு, ஒண்ணு கொண்டாரச் சொல்லட்டுமா?" என்று பணிவாகக் கேட்டார்.

"போதுங்க," என்றாள் அக்கா.

"சரிங்கம்மா," என்று அவர் திரும்பினார்.

"சார், நில்லுங்க!" என்று எழுந்தே விட்டாள் என் மகள், இத்தனை நாள் சட்டத்தைக் காத்த அந்தப் போலீஸ்காரி. "அது முதல் போதும் சார்! இன்னொரு தடவை கேளுங்க!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் வேன் டிரைவர் நாலு மேசை தள்ளியிருந்து எட்டிப் பார்த்தார். முதலாளிக்கு ஒன்றுமே புரியவில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டார். ஜாமூன் வந்தது. அக்கா பாதியைப் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு மீதியை என் மகள் வாயில் ஊட்டினாள்.

சாயங்காலம் வாந்தி வருமோ என்று நான் வாளியோடு கதவோரம் காவல் இருந்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை, குறட்டைதான் வந்தது. மறுநாளே டயட்டீஷியன் பெண்ணுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "எங்க அத்தையும் இப்படித்தாம்மா" என்று சிரித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள், அடிக்கடி வையுங்கள், மூன்று தடவை கேளுங்கள், தட்டை மட்டும் எடுக்காதீர்கள் என்றாள். அதன்படியே செய்தோம். இப்போது தட்டைக் கழுவும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கி என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் எதையும் சட்டென்று செய்கிற ஆள் இல்லை என்பதால்.

விடுமுறை முடிந்து மருத்துவமனைக்குப் போனோம். எடை மேடையில் அக்கா ஏறி நின்றபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஏறியிருக்கு," என்றாள் நர்ஸ். கண்ணைத் திறந்து, என் கண்ணாலேயே முள்ளைப் பார்த்தேன். என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. டாக்டர் குழாய்ப் பேச்சையே எடுக்கவில்லை. "சத்து மாத்திரை இன்னும் கொஞ்ச நாளைக்கு எழுதட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அக்கா எட்டி மருந்துச் சீட்டின்மேல் தன் கையை விரித்து வைத்து மூடினாள்.

"எழுதாதீங்க டாக்டர், அது மூணாவது போதும்," என்றேன். அவர் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெளியே வந்து பேருந்துக்கு நின்றோம். அந்த டாக்டர், அந்த நர்ஸ், பெயர் தெரியாத அந்த வேன் டிரைவர், எல்லாரும் நன்றாக இருக்கவேண்டும் என்று மனசுக்குள் வாழ்த்திக்கொண்டே நின்றேன். அக்கா என் முழங்கையை மெல்ல இடித்தாள்.

"ஏண்டி."

"என்னக்கா? கால் வலிக்குதா? உக்காருறீங்களா?"

"இல்லடி." ரோட்டைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "எனக்குப் பசிக்குது."

பேருந்து வருவதற்குள், அன்று லீவு போட்டு வீட்டில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "அரிசியைக் கழுவி அடுப்புல வைங்க! நிறைய வைங்க!" என்று அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.